சிப்பிப்பாறைக் குட்டி, மாடி வீடு, தயிர்ச்சாதம்: விலா எலும்பு தெரிவது சரியா?

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் என் கணவரின் மாமா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆண் குட்டி. 45 நாள் என்று விற்றவர் சொன்னாராம். செம்மண் நிறம் என்பதால் ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் செவலை என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்லை.

காலையில் பால், மதியம் தயிர்ச்சாதம், ராத்திரி பால்சாதத்தில் ஒரு அவித்த முட்டை. இதுதான் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் முட்டை உண்டு, கறி சமைக்க மாட்டோம். குட்டிக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருக்கிறது. கீழ்வீட்டு அக்கா, "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

மகள் பாவாடையைப் பிடித்து இழுக்கிறது, கணுக்காலைக் கடிக்கிறது. ஊசி மாதிரி பல். பூஜை அறை வாசலில் மூன்று முறை மூத்திரம் போய்விட்டது, மாமியார் பேசுவதில்லை. ராத்திரி பால்கனியில் கட்டினால் விடிய விடிய அழுகை. தடுப்பூசி போட்டாச்சு என்று விற்றவர் சொன்னார், கார்டு எதுவும் தரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

அடையாறு மாடிவீடு
ஞாயிறு, இரவு 10:15

வணக்கம். நான்காவது மாடியில் நான்கு வருடமாக லேபரடார் வளர்க்கிறேன், அதனால் மாடி வீடு ஒரு தடையே இல்லை. சாப்பாட்டுக்குக் குட்டிகளுக்கென்று விற்கும் உலர் உணவு வாங்கிவிடுங்கள். கறி சமைக்க வேண்டியதில்லை, மாமியாருக்கும் சங்கடம் இல்லை. முதல் ஆறு மாதம் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துக் கொடுத்தேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: திறந்த மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டு விற்பதை வாங்காதீர்கள். அதில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கடித்துவிடும். சீல் வைத்த பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கரிசல்மண்
திங்கள், காலை 5:50

தாயி, எங்க ஊர்க் குட்டி உங்க வீட்டுக்கு வந்திருக்கு, அதனால் நானும் ரெண்டு வார்த்தை எழுதுகிறேன். சிப்பிப்பாறை என்ற ஊர் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளிப் பிறந்தவன் நான். எங்க தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இந்த நாய் இல்லாத வருசம் கிடையாது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையம் அதில் இருந்தது, நம்ம சிப்பிப்பாறை இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு.

விலா எலும்பு தெரிகிறதே என்று கலங்க வேண்டாம். இது ஓட்டத்துக்கென்றே வளர்த்த வேட்டை நாய். நெஞ்சு ஆழமா இறங்கி, வயிறு ஒட்டி, இடுப்பு சிறுத்துத்தான் இருக்கும். வளர்ந்த நாய்க்குக் கடைசி மூணு விலா தெரியலாம். ஆனால் முதுகுத்தண்டைத் தடவிப் பாருங்க. கணு கணுவாக, சீப்பைத் தடவுற மாதிரி இருந்தால் அது இனத்தின் வாகு இல்லை, பசி. இன்னொன்று, ஒட்டிய விலாவுக்குக் கீழே வயிறு மட்டும் உருண்டையாகப் பானை மாதிரி இருந்தால் பூச்சி. இது ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்க.

சாப்பாட்டுக்கு நாங்கள் கம்பஞ்சோறும் மோரும்தான் ஊற்றினோம். ஒரு நாயும் நோஞ்சானாகப் போகவில்லை. பாக்கெட் உணவெல்லாம் இந்த இனத்துக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நொய்யல்
திங்கள், காலை 11:20

வணக்கம்ங்க. நான் கோவையில் ரெண்டு தெருநாய்க் குட்டிகளை எடுத்து வளர்த்தவள். சாப்பாடு பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், மூத்திரம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டில் சண்டையே அதனால்தான் வந்தது.

இரண்டு மாதம்கூட ஆகாத குட்டிக்கு அடக்கத் தெரியாது. முழித்ததும் போகும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போகும், விளையாடி முடித்ததும் போகும். இந்த மூன்று நேரமும் நீங்களே தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போய் நில்லுங்கள். பால்கனி மூலையில் பழைய செய்தித்தாள், அதன்மேல் கொஞ்சம் மண் போதும். போய் முடித்த அந்த நொடியே ஒரு துளி முட்டை வாயில் வையுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்கவே தேய்க்காதீர்கள். என் மூத்தவளுக்கு என் வீட்டுக்காரர் அப்படிச் செய்தார். அதற்கப்புறம் அவள் எங்கள் கண்ணுக்கு முன்னால் போகவே பயந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போக ஆரம்பித்தாள். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பூஜை அறை வாசலைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள். பழைய வாடை இருந்தால் திரும்பவும் அங்கேயேதான் போகும்.

ராத்திரி பால்கனியில் தனியாகக் கட்டாதீர்கள் கண்ணு. போன வாரம் வரைக்கும் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் ஒட்டிப் படுத்த குட்டி அது. ஒரு அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, உங்கள் பழைய சேலையைப் போட்டு, நீங்கள் படுக்கும் அறையிலேயே வையுங்கள். ரெண்டு மூணு ராத்திரி எழுந்து கையை நீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மருத்துவர் ஞமலி
திங்கள், இரவு 8:05

கால்நடை மருத்துவராக இருக்கிறேன். முதலில் தடுப்பூசி, ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கார்டு இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் தேதியும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒரு ஊசி போட்டிருந்தாலும் அது போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடலில் சில வாரம் இருக்கும், அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசிதான் முக்கியமானது, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து இப்போதே, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. ஊசிகள் முடியும்வரை தெருத் தரையில் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், ஆட்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் நாய் பிற்பாடு பயப்படாமல் ஏற்கும்.

45 நாளில் கைமாறியதே தவறு. 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. கணுக்கால் கடிக்கு இதுவும் ஒரு காரணம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடித்தான் கற்றுக்கொள்ளும். பல் பட்டால் கத்தாமல், கையை உதறாமல், விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். மகளிடம் ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடும் பாவாடை இந்த இனத்துக்கு முயல் மாதிரி. கடிக்க முடிச்சுப் போட்ட பழைய துண்டைக் கொடுங்கள்.

சாப்பாட்டில் கரிசல்மண் ஐயாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். நாய்க்குச் சோறு ஆகாது என்று சொல்லமாட்டேன். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு என்று 2013இல் வந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வளரும் குட்டிக்குச் சோறு வயிற்றை நிரப்பும், சதையையும் எலும்பையும் கட்டாது. ஐயா, உங்கள் தாத்தா வீட்டு நாய்கள் கம்பஞ்சோறு மட்டுமா சாப்பிட்டன?

கரிசல்மண்
செவ்வாய், காலை 5:30

டாக்டர் கேட்டது நியாயம். ராத்திரி முழுக்க யோசித்தேன். சாயங்காலம் அவிழ்த்து விட்டால் காட்டுக்குள் போய் எலி, ஓணான், முயல் என்று எதையாவது பிடித்துத் தின்றுவிட்டுத்தான் வரும். எலும்பு, தோல் ஒன்றும் மிஞ்சாது. நாங்கள் ஊற்றிய கூழ் அதற்கு மேல்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் முயல் வேட்டை குற்றம், நாங்களும் விட்டுவிட்டோம். விட்டபின் பிறந்த குட்டிகளில் ரெண்டு, முன்னங்கால் வளைந்து போனதுகள். இனம் கெட்டுப்போச்சு என்று அப்போது பேசிக்கொண்டோம். சாப்பாடாக இருந்திருக்கலாம் என்று நேற்று ராத்திரிதான் எனக்குத் தோன்றியது.

வைகைக்கரை
செவ்வாய், மதியம் 1:10

அண்ணாச்சி, தடவிப் பார்த்தேன். முதுகு சீப்பு மாதிரிதான் இருக்கிறது, வயிறு உருண்டை. நேற்று மலத்தில் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று நெளிந்தது. டாக்டர், சனிக்கிழமை கணவருக்கு விடுமுறை, அன்றைக்கு ஊசிக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரை என்ன கொடுக்கட்டும்? இன்று பாலை நிறுத்திவிட்டு, மாமியார் சமைத்த சாம்பார்சாதம் வைத்தேன், விரும்பிச் சாப்பிட்டது.

மருத்துவர் ஞமலி
செவ்வாய், இரவு 9:15

சாம்பார்சாதம் இன்றோடு போதும் அம்மா. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். புளி பற்றித்தான் நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இப்போது வந்திருக்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2022இல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வாய் சாம்பாரில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் புளியோதரை, புளிக்குழம்பு, உலர்திராட்சை போட்ட பாயசம் இவை நாய்த் தட்டுக்குப் போகவே கூடாது. சாக்லேட்டும் அப்படியே. காய்ச்சல் என்று பாரசிட்டமால், இபுப்ரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, அடையாறு நண்பர் சொன்ன குட்டி உணவுதான். ஒரு வயதுவரை அதையே அடிப்படையாக வையுங்கள், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பிறகு மூன்று. மேலே ஒரு கரண்டி தயிரோ, கொஞ்சம் அவித்த முட்டையோ சேர்க்கலாம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். அந்த உணவோடு கால்சியம் டானிக் கொடுக்க வேண்டாம். கூடினாலும் எலும்பு கெடும். வீட்டில் சமைத்தே போட விரும்புபவர்கள் பாதித் தட்டு கறியும் ஈரலும் முட்டையுமாக, மீதி சோறும் காயுமாகப் போட்டு, கால்சியத்துக்கு முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் குட்டியின் எடை பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எடை பார்க்கத் தனித் தராசு வேண்டாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை எடை மெஷினில் ஏறுங்கள், வாராவாரம் எழுதி வையுங்கள்.

வைகைக்கரை
வியாழன், இரவு 10:50

டாக்டர், யாராவது இருக்கிறீர்களா? செவலை மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. நான்கு முறை வாந்தி, மஞ்சள் நுரை. இப்போது தண்ணீராகப் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, வாடை தாங்க முடியவில்லை. கிரைண்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வால் நுனி மட்டும் ஆடுகிறது, தலை தூக்கவில்லை. கீழ்வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மருத்துவர் ஞமலி
வியாழன், இரவு 10:58

இப்போதே கிளம்புங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், குடலைத் தாக்கும், காலைவரை தாங்காது. மலத்தைச் சோதிக்கும் கிட் இருக்கிறதா, இரவில் டிரிப்ஸ் போடுவார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். துண்டில் சுற்றி உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள், சூடு இறங்கக் கூடாது. மற்ற நாய்கள் இருக்கும் வரிசையில் குட்டியைத் தரையில் விடாதீர்கள்.

நொய்யல்
வெள்ளி, காலை 6:05

என்ன ஆச்சுங்க? ராத்திரியே பார்த்தேன், தூக்கமே இல்லை.

வைகைக்கரை
வெள்ளி, மதியம் 3:30

பார்வோதான். கிட்டில் இரண்டு கோடு வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னங்காலில் ஊசி ஏற்றினார்கள். முடியை வழித்தபோது அந்தக் கால் என் சுண்டுவிரல் கனம்தான் இருந்தது. நரம்பு கிடைக்க மூன்று முறை குத்த வேண்டியிருந்தது, அது ஒரு சத்தம்கூடப் போடவில்லை. விற்றவருக்குப் போன் செய்தோம். ஊசி என்று அவர் சொன்னது பூச்சி மருந்தாம். சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் திங்களே போயிருந்தால் என்று மனது அடித்துக்கொள்கிறது.

மருத்துவர் ஞமலி
வெள்ளி, மாலை 6:40

திங்களன்று போட்டிருந்தாலும் இது தடுத்திருக்காது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம். விற்ற இடத்திலேயே ஒட்டியிருக்கலாம். நீங்கள் தாமதிக்காமல் ராத்திரியே போனதுதான் இப்போது அதற்கு இருக்கும் பலம். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பே அதை வெல்லும்வரை நீரும் உப்பும் இறங்காமல், வேறு கிருமி ரத்தத்தில் ஏறாமல் தாங்கிப் பிடிக்கிறோம். வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு தொடங்கச் சொல்வார்கள். பட்டினி போட வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை. பினாயில் இந்த வைரஸைக் கொல்லாது. மலத்தை அள்ளி, சோப்புப் போட்டுக் கழுவி, துணிக்குப் போடும் வெள்ளை பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு பினாயிலோ ஆசிடோ கலக்க வேண்டாம். செருப்பு அடியையும் கழுவுங்கள். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் நொய்யல் அம்மா சொன்ன அந்த மண்ணையும் அப்புறப்படுத்திவிடுங்கள். மனிதருக்கு ஒட்டாது, மகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கரிசல்மண்
சனி, காலை 5:15

தாயி, எங்க பக்கம் இதை ரத்தக் கழிச்சல் என்போம். ஒரே ஈத்தில் ஆறு குட்டியும் போனதை என் கையால் புதைத்திருக்கிறேன். ஊசி என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. செவலை எழுந்து நிற்கும். எழுதுங்க.

வைகைக்கரை
செவ்வாய், காலை 8:20

நேற்று ராத்திரி வாந்தி நின்றது. இன்று காலையில் டாக்டர் கொடுத்த உணவை விரலில் தொட்டு உதட்டில் தடவினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் நாக்கு வெளியே வந்து ஒரு நக்கு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு நக்கு. என் மாமியார் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலேயே இருந்தார். "சாப்பிடுறா செவலை" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அடையாறு மாடிவீடு
செவ்வாய், காலை 8:45

படித்துவிட்டு ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன். ரொம்ப சந்தோஷம்.

வைகைக்கரை
மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 6:30

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னியுங்கள். செவலைக்கு இப்போது ஐந்து மாதம். ஊசி எல்லாம் முடிந்தது, கார்டை நெகிழி உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். 9 கிலோ 400 கிராம். முதுகு சீப்பு மாதிரி இல்லை, விலா மட்டும் லேசாகத் தெரிகிறது. கணுக்கால் கடியும் நின்றுவிட்டது. பால்பல் விழுந்ததை மகள் தீப்பெட்டியில் சேர்க்கிறாள்.

இப்போதைய பிரச்சினை வேறு. நேற்று தெருவில் பூனையைப் பார்த்து ஒரு துள்ளு துள்ளியது, பெல்ட் தலை வழியாகக் கழன்று வந்துவிட்டது. நல்லவேளை, தெருமுனையில் பால்காரர் பிடித்தார். கூப்பிட்டால் வீட்டுக்குள் வருகிறது, வெளியே காதே கேட்காதது போல ஓடுகிறது.

கரிசல்மண்
ஞாயிறு, இரவு 7:10

இந்த நாய்க்குத் தலை கழுத்தைவிடக் குறுகல் தாயி, சாதாரண பெல்ட் நிற்காது. ரெண்டு விரல் அகலத்துக்குக் குறையாத, இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகிற மாதிரி பெல்ட் வாங்குங்க. கண்ணால் பார்த்துத் துரத்துற சாதி இது. ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் கூப்பிடுவது அதன் காதுக்கு ஏறாது. அதனால் ரோட்டுப் பக்கம் எத்தனை வயசானாலும் கயிறில்லாமல் விடக் கூடாது. நான் அப்படி விட்டு ஒரு நல்ல நாயை லாரிக்குக் கொடுத்தவன்.

கூப்பிட்டால் வருவதற்கு: சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் முப்பது அடி நூல்கயிறு கட்டி விடுங்க. "வா" என்பதை ஒரு தடவை மட்டும் சொல்லுங்க. வந்தால் அதற்கு ரொம்பப் பிடித்த ஒன்று, வேறு எப்பவும் கொடுக்காத ஒன்று. கொடுத்துவிட்டு உடனே மறுபடி விளையாட விட்டுவிடணும். "வா" என்றாலே வீட்டுக்குப் போகிற நேரம் என்று தெரிந்துவிட்டால் பிறகு வராது. தாமதமாக வந்தாலும் அடிக்கக் கூடாது.

மருத்துவர் ஞமலி
ஞாயிறு, இரவு 9:00

ஐயா சொன்னதில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ போகும்போது சிப்பிப்பாறை என்று முதலிலேயே சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைந்த வேட்டை நாய்கள் சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும், மருத்துவர் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார். மழை தொடங்கினால் தினமும் காது மடல், கால்விரல் இடுக்கில் உண்ணி பாருங்கள். திடீரென்று சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுப்பு என்றால் ரத்தப் பரிசோதனைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

வைகைக்கரை
அடுத்த ஞாயிறு, காலை 7:40

அண்ணாச்சி, மகளின் பள்ளி மைதானத்தில் காவலரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். நான்கு பக்கமும் சுவர். முப்பது அடிக் கயிறு, கையில் அவித்த கோழி ஈரல். ஆமாம், ஈரல்தான். மாமியார் மொட்டைமாடியில் தனி அடுப்பு வைத்துத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துக் கொடுத்தார்.

எட்டு முறை "வா" சொன்னேன், ஆறு முறை வந்தது. ஏழாவதுக்கு ஒரு மைனாவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. நடுவில் அது ஓடியதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நான்கு காலும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் இருந்தன. கயிறு என் கையில் சரசரவென்று போய்க்கொண்டே இருந்தது. நாளைக்கும் காலை ஆறு மணிக்குக் காவலர் வரச் சொல்லியிருக்கிறார்.